கொசுவலை கட்டியும் செம்மறிக்கு நீலநாக்கு நோய் வருவது ஏன்?

வலையின் கண்தான் காரணம். வைரஸால் வரும் இந்நோயைப் பரப்புவது கொசு அல்ல. குலிகாய்டஸ் என்னும் பொடிப்பூச்சி. நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர். சாதாரணக் கொசுவலைக்குள் எளிதாக நுழைந்துவிடும். அதைவிட நெருக்கமான வலை வேண்டும். பொழுது சாயும் வேளையிலிருந்து விடியும்வரை கடிக்கும். பொழுது சாயுமுன் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிடுங்கள்.

ஆட்டுக்கு ஆடு உரசி இது தொற்றாது. பூச்சி குடித்த ரத்தத்திலுள்ள வைரஸ், அதன் உடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டிய பிறகே அடுத்த ஆட்டுக்குப் போகும். வெயில் காலத்தில் இது சில நாட்களில் முடியும், குளிரில் இழுக்கும். மாட்டின் ரத்தத்தில் வைரஸ் வாரக்கணக்கில் தங்கும், வெளியே பெரும்பாலும் அறிகுறி தெரியாது. ஆகவே மாட்டையும் செம்மறியையும் ஒரே கொட்டிலில் கட்டுவது ஆபத்து.

தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே நோய் அதிகம். ஈரச் சாணமும் தொட்டியடிச் சேறும்தான் இப்பூச்சியின் புழு வளரும் இடங்கள். ஒழுகும் குழாயை அடைத்து, சாணத்தை அள்ளித் தொலைவில் குவியுங்கள். மழைக்கு முன்பே ஐந்து வகை வைரஸுக்கான தடுப்பூசி போட்டுவிட வேண்டும். காய்ச்சல் கண்டபின் போட்டுப் பயனில்லை.

நாக்கு நீலமாகும்வரை காத்திருக்காதீர்கள், பல ஆடுகளுக்கு அது நீலமாவதே இல்லை. உதடு வீங்கி, மூக்கில் சளி காய்ந்து ஒட்டி, குளம்பின் மேல்விளிம்பு சிவந்து ஆடு நொண்டினால், அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.