மூன்றாவது ஏசிக்கு முன் ஓட்டைகளை அடைத்துப் பாருங்கள்

கேள்வி: எங்கள் சர்வர் அறையில் 12 ரேக்குகள் (சர்வர்களை அடுக்கும் அலமாரிகள்), இரண்டு ஏசிகள். உயர்த்திய தரைக்கு அடியிலிருந்து குளிர்காற்று வருகிறது. ஏசியில் வைத்திருக்கும் அளவு, அதாவது செட் பாயின்ட், 18 டிகிரி. அப்படியும் இரண்டு ரேக்குகளில் மேலே இருக்கும் சர்வர்கள் அடிக்கடி வெப்ப எச்சரிக்கை தருகின்றன. மூன்றாவது ஏசி வாங்கலாமா? மின்செலவையும் குறைக்கச் சொல்கிறார்கள்.

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே துப்பு இருக்கிறது: சூடாவது மேலே இருப்பவை மட்டும்தான். குளிர்ச்சியே போதவில்லை என்றால் கீழே இருப்பவையும் சூடாகியிருக்கும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: சர்வரின் பின்பக்கம் வெளியேறும் சூடான காற்று, ரேக்கின் உச்சி வழியாகவும் காலி இடைவெளிகள் வழியாகவும் சுற்றிவந்து மறுபடி முன்பக்கமே நுழைகிறது. இதற்கு இன்னொரு ஏசி என்பது ஓட்டைப் பானைக்கு இன்னொரு குடம் தண்ணீர்.

சந்தேகமிருந்தால் அளந்து பாருங்கள். ஒரு ரேக்கின் முன்பக்கம் கீழே, நடுவில், மேலே என மூன்று வெப்பமானிகளை ஒட்டுங்கள். கீழே 17, மேலே 29 என்பதுபோல் பெரிய வித்தியாசம் வந்தால் காற்று கலக்கிறது என்று அர்த்தம். மெல்லிய காகிதக் கீற்றை இடைவெளிகளில் பிடித்தால் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் தெரிந்துவிடும்.

முதல் வேலை அடைப்பது. சர்வர் இல்லாத காலி இடங்களுக்கு பிளாங்கிங் பேனல் (இடைவெளியை மூடும் தகடு) போடுங்கள்; விலையோடு ஒப்பிட்டால் இதைவிடப் பலன் தரும் பொருள் சர்வர் அறையில் குறைவு. கேபிள் நுழையத் தரையில் வெட்டிய ஓட்டைகளுக்கு பிரஷ் வைத்த மூடி. ரேக்குகள் முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு பார்த்து நிற்கின்றனவா? ஒரு வரிசையின் முதுகு அடுத்த வரிசையின் முகத்தில் ஊதினால், மற்றதெல்லாம் வீண்.

அடுத்தது, தரைக்கடியிலிருந்து குளிர்காற்றை மேலே விடும் துளையிட்ட டைல்கள். இவை முன்பக்கப் பாதையில் மட்டுமே இருக்க வேண்டும். பின்பக்கத்தில் "அங்கே சூடாக இருக்கிறதே" என்று யாரோ இரக்கப்பட்டு வைத்திருப்பார்கள். எடுத்துவிடுங்கள், அந்தப் பாதை சூடாக இருக்க வேண்டியதுதான். ஏசிக்கு மிக அருகிலும் வேண்டாம். அங்கே தரைக்கடியில் காற்று வேகமாகப் பாய்வதால் அழுத்தம் குறைந்து, டைல் மேலே ஊதுவதற்குப் பதிலாக அறைக்காற்றைக் கீழே உறிஞ்சுவதும் உண்டு.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் செட் பாயின்ட். சர்வருக்குள் நுழையும் காற்றுக்கு ஆஷ்ரே (குளிரூட்டல் பொறியாளர்களின் அமெரிக்க அமைப்பு) பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி வரை. ஆனால் உங்கள் ஏசியின் 18 எந்தக் காற்றின் 18? பல பழைய ஏசிகளில் அது திரும்பி வரும் காற்றின் அளவு. அப்படியானால் வெளியே விடும் காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும். அதனால் ரேக்கின் முகத்தில் உள்ள வெப்பமானியை நம்புங்கள். ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, ஓரிரு நாள் பார்த்து, அடுத்த டிகிரி. 27-ஐத் தாண்ட ஆசைப்பட வேண்டாம். சர்வரின் உள்விசிறிகள் வேகமெடுத்து, மிச்சப்படுத்தியதைத் தின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால் அந்த விசிறிகளின் மின்சாரம் கணினிச் சுமைக் கணக்கில் சேர்வதால், பி.யு.இ. எண் (மொத்த மின்சாரத்தைக் கணினிகளுக்கான மின்சாரத்தால் வகுத்தது) அப்போதும் அழகாகவே தெரியும். மொத்த மீட்டரைப் பாருங்கள்.

ஏசி விசிறியின் வேகத்தை மாற்ற முடியுமென்றால் அங்கேதான் நல்ல சேமிப்பு. விசிறிக்கான மின்சாரம் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு (கனத்துக்கு) ஏற்ப மாறும். 80 சதவீத வேகத்தில் ஓட்டினால் ஏறக்குறைய பாதி மின்சாரம் போதும். அதனால் இரண்டில் ஒன்றை அணைப்பதைவிட இரண்டையும் மெதுவாக ஓட்டுவது லாபம். அப்புறம், ஒரு ஏசி ஈரப்பதம் சேர்க்க, மற்றது அதை உறிஞ்சிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சண்டைபோடுவது சகஜம்.

பாதைகளைக் கதவும் கூரையும் வைத்து மூட நினைத்தால், தீயணைப்பு அமைப்பைக் கவனிப்பவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். தடுப்புகள் புகை உணரிகளையும் தீயணைப்பானையும் மறைத்துவிடலாம்.

சரி, மூன்றாவது ஏசி எப்போது? ரேக்கின் மேலேயும் கீழேயும் ஒரே வெப்பநிலை வந்த பிறகும், இரண்டும் முழு வேகத்தில் ஓடியும் 27-க்கு மேலேயே நின்றால் வாங்குங்கள். அல்லது ஒன்று பழுதானால் மற்றதால் மட்டும் சுமையைத் தாங்க முடியாது என்றால், அதுவும் நியாயமான காரணம்.