புது லேப்டாப்பில் விண்டோஸ் 7 போட முடியுமா?

"இப்போதுதான் வாங்கிய லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது. அதை எடுத்துவிட்டு விண்டோஸ் 7 போட நினைக்கிறேன். பென் டிரைவில் இருந்து ஏற்றினால் லோகோவோடு நின்றுவிடுகிறது. வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லாரும் "எதற்கு?" என்று உங்களையே திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர், அப்படியே ஒரு டைப்ரைட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கிண்டல் செய்திருக்கிறார். அதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

பழைய விண்டோஸ் வேண்டும் என்று யாரும் ஆசைக்குக் கேட்பதில்லை. பிழைப்பு அதில் மாட்டிக்கொண்டிருக்கும். உங்களுக்கும் அப்படி ஏதோ ஒன்று இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். எம்பிராய்டரி மிஷினின் டிசைன் மென்பொருளாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனைக் கருவியோடு வந்த சிடியாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர்.

முதலில் நேர்ப் பதில். உங்கள் லேப்டாப் கடந்த நான்கைந்து ஆண்டுகளில் வந்த மாடல் என்றால் விண்டோஸ் 7-ஐ நேரடியாகப் போடுவதை மறந்துவிடுங்கள். விண்டோஸ் 11-க்கு உள்ளேயே விர்ச்சுவல் மெஷினாக, அதாவது ஒரு ஜன்னலுக்குள் ஓடும் கற்பனைக் கம்ப்யூட்டராக, போடுங்கள். நன்றாகவே ஓடும். எங்கள் அச்சகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்பா கடலூர் திருப்பாப்புலியூரில் சின்னதாக ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அங்கே அடிப்பார்கள். முகூர்த்த நாளில் திருவந்திபுரம் கோயிலில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். அதில் ஒரு பங்குப் பத்திரிகை எங்கள் மிஷினில் ஓடியதாகத்தான் இருக்கும். எல்லாமே பேஜ்மேக்கர் 7-ல் போட்ட பக்கங்கள். அந்த மென்பொருள் 2001-ல் வந்தது, அதற்குப் பிறகு புதிய பதிப்பே வரவில்லை. எழுத்துகள் பாமினியிலும் அந்தக் காலத்து வேறு சில ஃபான்ட்டுகளிலும் இருக்கின்றன. தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30 அன்று அச்சகத்தின் ஷீட் பறந்தபோது அப்பா முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது அந்தக் கம்ப்யூட்டரைத்தான். அதில் இருப்பது கடையின் மொத்த உழைப்பு.

தேவனாம்பட்டினத்துக் கடல் காற்று மதர்போர்டை விட்டுவைக்காது. கடைசியில் அந்த மெஷின் படுத்துவிட்டது. நான் இருப்பது லாஸ்பேட்டையில் என்பதால் புதுச்சேரியிலேயே ஒரு லேப்டாப் வாங்கிக் கொண்டுபோனேன். (பாண்டியில் வாங்கினால் மலிவு என்று கடலூரில் இன்னும் நம்புகிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரி ஒன்றுதான்.) 12ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர், என்விஎம்இ என்ற புது வகை டிஸ்க். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "ஏம்மா, அந்தப் பழசையே இதுல ஏத்திக் குடுத்துடேன்."

ஹார்டுவேர் சப்போர்ட்தான் என் வேலை. ஏறாது என்று தெரியும். ஆனாலும் அப்பா கண்ணால் பார்க்கட்டும் என்று அவர் எதிரிலேயே செய்தேன். செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பை அணைத்தேன், பென் டிரைவில் இருந்து கிளப்பினேன். உங்களுக்கு நின்ற அதே இடத்தில், லோகோவில், நின்றது.

காரணம் இதுதான். விண்டோஸ் 7 வந்தது 2009 அக்டோபரில். திரையில் படம் காட்ட அது, கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் பழைய பயாஸ் மென்பொருளின் விஜிஏ என்ற திரைச் சேவையைக் கூப்பிடும். இப்போதைய லேப்டாப்புகளில் அதன் இடத்தில் இருப்பது யூஇஎஃப்ஐ (பேச்சில் அதையும் பயாஸ் என்றே சொல்கிறோம்). அதற்குள் பழைய பயாஸ் போலவே பதில் சொல்வதற்கு சிஎஸ்எம் என்று ஒரு பகுதி இருந்தது. 2020-க்குள் அதை எடுத்துவிடுவோம் என்று இன்டெல் 2017-லேயே அறிவித்துவிட்டது. உங்கள் பயாஸ் அமைப்பில் 'லெகஸி' அல்லது 'சிஎஸ்எம்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் விண்டோஸ் 7 கூப்பிடுகிற குரலுக்குப் பதில் சொல்ல அங்கே ஆளே இல்லை.

அந்த வரி இருக்கிறது, நடுத்தரப் பழசான லேப்டாப் என்றாலும் வேலை சுலபம் இல்லை. 2015-ல் வந்த 6ஆம் தலைமுறை இன்டெலில் இருந்து பழைய யுஎஸ்பி 2 கன்ட்ரோலர் கிடையாது. யுஎஸ்பி 3-ஐ இயக்கும் டிரைவர் மென்பொருள் விண்டோஸ் 7 டிவிடியில் கிடையாது. பென் டிரைவில் இருந்துதான் இன்ஸ்டாலேஷன் கிளம்பியிருக்கும், ஆனால் பாதி வழியில் அதே பென் டிரைவ் அதன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அப்போது "சிடி, டிவிடி டிரைவர் இல்லை" என்று ஒரு செய்தி வரும். டிவிடி டிரைவே இல்லாத லேப்டாப்பில் இதைப் பார்த்துக் குழம்பிப்போனவர்கள் ஏராளம். என்விஎம்இ டிஸ்க்கும் அதற்குத் தெரியாது. அதற்கு மைக்ரோசாஃப்ட் பின்னால் வெளியிட்ட திருத்தங்களை இன்ஸ்டாலேஷன் ஃபைலுக்குள் டிஸம் என்ற விண்டோஸ் கட்டளையால் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் தாண்டி உள்ளே போனாலும் கிராஃபிக்ஸ், வைஃபை, டச்பேட் எதற்கும் அந்த விண்டோஸுக்கான டிரைவரைத் தயாரிப்பாளர்கள் எழுதியிருக்க மாட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய லேப்டாப் பாதி உயிரோடு கிடக்கும்.

அப்புறம் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். விண்டோஸ் 11 அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டேன். அது இலவசம். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் 'எனேபிள்' ஆகியிருக்க வேண்டும், அதை மட்டும் பாருங்கள். உள்ளே சர்வீஸ் பேக் 1 உள்ள 32 பிட் விண்டோஸ் 7, 2 ஜிபி ராம். 32 பிட்டே போடுங்கள். பழைய மென்பொருளில் 16 பிட் பகுதி ஏதாவது இருந்தால் 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது. ஜன்னலின் கீழ் மூலையில் ஒரு ஆமைப் படம் தெரிந்தால், விண்டோஸ் 11-இன் பாதுகாப்பு அம்சம் ஒன்று குறுக்கே இருப்பதால் வேகம் குறைகிறது என்று பொருள். நான் அதை அணைக்கவில்லை. பத்திரிகை கம்போஸ் செய்ய அந்த வேகமே போதும்.

முக்கியமானது நெட்வொர்க். விர்ச்சுவல் மெஷினின் அமைப்பில் நெட்வொர்க் அடாப்டரை எடுத்துவிடுங்கள். பாதுகாப்பே இல்லாத விண்டோஸைப் பரிந்துரைக்கிறாள் என்று யாராவது வருவார்கள், அவர்களுக்கும் இதுதான் பதில். 2020 ஜனவரி 14-ஓடு விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு முடிந்தது எனக்கும் தெரியும். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை பரவியபோது பெரும்பாலும் அடிபட்டவை அப்டேட் போடாத விண்டோஸ் 7 மெஷின்கள்தான். திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. அதனால்தான் சொல்கிறேன், அதில் இணையம் வேண்டாம், மெயில் வேண்டாம், பேங்க் வேண்டாம். ஃபைலை ஷேர்டு ஃபோல்டரில் வையுங்கள், உள்ளேயே பிடிஎஃப் ஆக்கி வெளியே எடுங்கள். ஃபான்ட்டும் பிடிஎஃப்-உடன் சேர்ந்தே வந்துவிடும், பிளேட் போடுகிறவரிடம் பாமினி இல்லாவிட்டாலும் எழுத்து சிதறாது.

"பேஜ்மேக்கரைத் தூக்கிப் போட்டுவிட்டு யூனிகோடுக்கு மாறவேண்டியதுதானே" என்பார்கள். (எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் பொது எழுத்து முறைதான் யூனிகோடு.) அச்சகத்தில் ஒரு ஆபரேட்டர் அக்கா இருக்கிறார். நான் பள்ளிக்கூடம் போகும்போதே வேலைக்கு வந்தவர். பத்திரிகை வாசகத்தை வாயால் சொன்னால் சொல்லி முடிப்பதற்குள் அடித்துவிடுவார். உறவினர் பெயர் வரிசையில் யார் மனம் நோகும் என்பதுவரை அவருக்குத் தெரியும். அந்த விரல்களின் பழக்கத்தைப் பழைய சாமான் மாதிரி ஒதுக்கச் சொல்கிறவர்கள் ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். புது வேலைகளுக்கு அவருக்கு இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். அதில் பாமினி விசைப்பலகையே இருக்கிறது. விரல் பழையபடியே போகும், திரையில் யூனிகோடு விழும். பழைய ஃபைல்கள் மட்டும் விர்ச்சுவல் மெஷினில். யாரையும் எதையும் தூக்கிப் போடவில்லை.

யூனிகோடு பற்றி வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பாமினியில் ஒரு தமிழ் எழுத்து ஒரு ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். இன்னொரு கம்பெனியின் ஃபான்ட்டில் அதே எழுத்து வேறு இடத்தில். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை கிறுக்கலாகத் தெரியும். இந்தத் தொல்லை தீரத்தான் 2010-ல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டையும் ஏற்று ஆணை போட்டது. அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து, பக்கத்து வீட்டு அம்மாவுக்காக யூனிகோடில் அடித்துக் கொண்டுபோன மனுவின் ஃபைலை ஒரு அலுவலகத்தில் "இது எங்க சிஸ்டத்துல எடிட் ஆகாது, பழைய ஃபான்ட்ல அடிச்சுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். வயதானவர், இரண்டு பஸ் மாறி வந்தவர். அரசாங்கமே ஏற்ற எழுத்தை அலுவலக மேசை ஏற்காது என்றால் ஒரு சின்ன அச்சகத்தைப் பார்த்து "இன்னும் மாறவில்லையா" என்று சிரிக்க யாருக்கும் உரிமை கிடையாது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

சரி, உங்கள் விஷயம். 7 இல்லாமல் விண்டோஸ் 10 போதும் என்றால் நேரடியாகவே போடலாம். அதற்கும் 2025 அக்டோபர் 14-ஓடு பொது ஆதரவு முடிந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். 11ஆம் தலைமுறை இன்டெலில் இருந்து பல லேப்டாப்புகளில் இன்ஸ்டாலேஷனில் டிஸ்க்கே காட்டாது. இன்டெலின் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுங்கள். பயாஸில் விஎம்டி என்ற இன்டெலின் டிஸ்க் அமைப்பை அணைத்தாலும் டிஸ்க் தெரியும், ஆனால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் 11 அதன் பிறகு கிளம்பாமல் போகலாம். எதற்கும் பயாஸில் கை வைக்கும் முன் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவியை ஒரு தாளில் எழுதி வையுங்கள். செக்யூர் பூட் அமைப்பை மாற்றினால் அதைக் கேட்கக்கூடும்.

லைசென்ஸ் விஷயமும் உண்டு. கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் 7 அந்த மெஷினுக்கு மட்டும்தான். தனியாகப் பெட்டியில் வாங்கியது என்றால் புது இடத்துக்கு மாற்றலாம்.

உங்கள் மென்பொருளுக்கு டாங்கிள் (செருகினால்தான் மென்பொருள் திறக்கும் சின்னச் சாவிக் கருவி) உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. யுஎஸ்பி டாங்கிள் என்றால் விர்ச்சுவல்பாக்ஸில் யுஎஸ்பி ஃபில்டரில் சேர்த்தால் பெரும்பாலும் உள்ளே தெரியும். பழைய பிரின்டர் போர்ட்டில் செருகுகிற டாங்கிள் என்றால் பிரின்டருக்கென்று விற்கும் யுஎஸ்பி கேபிளை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள், டாங்கிள் அதில் வேலை செய்யாது. அப்படியானால் பழைய கம்ப்யூட்டரை விற்காமல் மதர்போர்டைச் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் மாடலையும் மென்பொருளின் பெயரையும் கேள்வியில் சேர்த்தால் மீதியைச் சொல்கிறேன்.