அலைன்மென்ட் எல்லாம் பச்சை, ஆனா 160 தாண்டினா முன்பக்கம் மிதக்குது, ஏன்?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காரு. ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், ரியர் வீல் டிரைவ், பத்து வருஷம் தாண்டின வண்டி. வண்டியோட உயரத்தை குறைக்கற லோயரிங் ஸ்பிரிங் போட்டிருக்காரு, பின்னாடி பெரிய விங் மாட்டிருக்காரு, முன்னாடி ஒண்ணும் பண்ணல. ட்ராக்ல நீளமான ஸ்ட்ரெயிட்ல 160 கிலோமீட்டர் வேகம் தாண்டினதும் ஸ்டீயரிங் லேசாயிடுதாம், வண்டி இப்படியும் அப்படியுமா அலையுதாம், கையால திருத்திக்கிட்டே இருக்க வேண்டியிருக்காம். அலைன்மென்ட், அதாவது சக்கரங்களோட கோணம், ரெண்டு தடவ பாத்தாச்சு, ஸ்கிரீன்ல எல்லாமே பச்சை, அளவுக்குள்ளதான் இருக்கு. ஸ்டீயரிங் ரேக்கை (ஸ்டீயரிங் திருப்பறதை சக்கரத்துக்கு கொண்டு போற பாகம்) மாத்திடலாம்னு மெக்கானிக் சொல்றாரு, மாத்தலாமான்னு கேள்வி.

இப்போதைக்கு மாத்தாதீங்க. ரேக்ல ப்ளே (லூஸ்) இருந்தா 60லயே தெரியும், மெதுவா போகும்போதே ஸ்டீயரிங் நடுவுல தொளதொளன்னு இருக்கும். உங்களுக்கு 160 வரைக்கும் நல்லா இருந்து அதுக்கு மேலதான் ஆரம்பிக்குதுன்னா வேகத்தோட சேந்து மாறுற ஏதோ ஒண்ணுதான் காரணம், அது காத்து, இல்லன்னா காத்தால மாறுற வண்டியோட உயரம். 100ல இருக்கற லிஃப்ட் (காத்து வண்டியை மேல தூக்கற விசை) 200ல ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. அதனாலதான் ஊருக்குள்ள ஓட்டும்போது ஒண்ணுமே தெரியாது.

முதல்ல என்ன மாதிரி ஆட்டம்னு தெளிவா பிரிச்சுக்கோங்க, பாதி பேரு இதை பண்ணாமதான் பார்ட்ஸ் வாங்கி குவிக்கறாங்க. ஒரு குறிப்பிட்ட வேகத்துல நடுக்கம் வந்து இன்னும் வேகம் போனா போயிடுச்சுன்னா அது வீல் பேலன்ஸ், இல்லன்னா ரிம் கோணல். பிரேக் மிதிச்சா மட்டும் ஒரு பக்கம் இழுத்தா லோயர் ஆர்ம் (சக்கரத்தை கீழ பிடிச்சிருக்கற கை) புஷ், அதாவது அதோட ரப்பர், பிரேக் கேலிப்பர் பக்கம் பாருங்க. ரோட்ல இருக்கற கோடு, பள்ளம் பின்னாடியே வண்டி ஓடினா டயரும் டோவும் (மேல இருந்து பாத்தா சக்கரம் உள்ள பக்கமோ வெளிய பக்கமோ திரும்பியிருக்கற கோணம்). வேகம் ஏற ஏற ஸ்டீயரிங் கனம் குறைஞ்சுக்கிட்டே போனா முன் டயர் மேல பாரம் குறையுதுன்னு அர்த்தம், நீங்க சொல்றது இந்த கடைசி வகை. உறுதி பண்ணிக்க ஒரு வழி இருக்கு: ட்ராக்ல நேரா போகும்போது ஆக்ஸிலேட்டரை மெதுவா, ரொம்ப மெதுவா, கொஞ்சம் விடுங்க, பாரம் முன்னாடி வந்து ஸ்டீயரிங் உடனே கெட்டியாச்சுன்னா சந்தேகமே வேண்டாம். இதை பொது ரோட்ல பண்ணாதீங்க.

இப்ப உங்க விங்குக்கு வருவோம், எனக்கு முதல் சந்தேகம் அது மேலதான். விங் பின் ஆக்ஸிலுக்கும் பின்னாடி இருக்கு, அது கீழ அமுக்கும்போது பின் சக்கரம் நடுவுல நின்னு சீசா மாதிரி முன்பக்கத்தை தூக்குது. கணக்கு போட்டு பாருங்க: வீல்பேஸ் 2.5 மீட்டர், விங் பின் ஆக்ஸில்ல இருந்து அரை மீட்டர் பின்னாடி, அந்த வேகத்துல அது 60 கிலோ அமுக்குதுன்னு வச்சுக்கிட்டா பின்னாடி 72 கிலோ கூடும், முன்னாடி 12 கிலோ குறையும். ஏற்கனவே காரோட பாடியே முன்னாடி கொஞ்சம் லிஃப்ட் குடுத்துக்கிட்டு இருக்கும், அதோட இதுவும் சேருது. அதனால விங் ஆங்கிளை குறைச்சு அதே ஸ்ட்ரெயிட்ல அதே வேகத்துல பாருங்க, முன்பக்கம் திரும்பி வந்துச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது. ஆனா கடுப்புல கம்பெனி குடுத்த ஸ்பாய்லரையும் சேத்து கழட்டி போட்டுடாதீங்க, முதல் ஆடி டிடி ஹைவேல வேகமா போகும்போது பின்பக்கம் லேசாகி விபத்துகள் நடந்து, அப்புறம்தான் கம்பெனியே பின் ஸ்பாய்லர் வச்சு குடுத்துச்சு. முன்பக்கம் லேசா இருக்கறதும் புது பிரச்சினை இல்ல, 60கள்ல வந்த போர்ஷே 911க்கு முன் பம்பர்ல இரும்பு வெயிட் வச்சாங்க, 1969 மாடல்ல வீல்பேஸை 57 மில்லிமீட்டர் நீட்டினாங்க.

அடுத்தது வண்டிக்கு அடியில படுத்து பாருங்க. இன்ஜினுக்கு கீழ இருக்கற பிளாஸ்டிக் அண்டர் ட்ரே இருக்கா? ஆயில் மாத்தும்போது கழட்டினதுல ரெண்டு கிளிப் உடைஞ்சு, திரும்ப மாட்டாம விட்டுடறது ரொம்ப சாதாரணம். அது இல்லன்னா காத்து இன்ஜின் பேக்குள்ள, சஸ்பென்ஷனுக்குள்ள எல்லாம் முட்டி அடியில பிரஷர் ஏறும், மூக்கு தூக்கும். ஓனருங்க இதை பெருசா எடுத்துக்கறதே இல்ல.

சரி, அலைன்மென்ட் பச்சையா இருந்தும் ஏன் அலையுது? அந்த ஷீட் நிக்கற வண்டியோட அளவு, 180ல ஓடற வண்டியோட அளவு இல்ல. மூக்கு ஒரு 15 மில்லிமீட்டர் தூக்கினா சஸ்பென்ஷன் அந்த அளவுக்கு நீளும், லோயரிங் ஸ்பிரிங் போட்ட வண்டில டை ராடும் (ரேக்கை சக்கரத்தோட இணைக்கற கம்பி) லோயர் ஆர்மும் ஒரே வளைவுல நகராது, அதனால உயரம் மாறும்போதெல்லாம் டோவும் மாறும், இதைத்தான் பம்ப் ஸ்டியர்னு சொல்றோம். அலைன்மென்ட் மெஷின்லயே வச்சு, மூக்கை 20 மில்லிமீட்டர் அமுக்கி ஒரு ரீடிங், 20 தூக்கி ஒரு ரீடிங் எடுக்க சொல்லுங்க, கடைக்காரர் முறைப்பாரு, பரவால்ல. தூக்கும்போது டோ-அவுட் (சக்கரம் வெளிய பாக்கறது) பக்கம் ஓடுச்சுன்னா வண்டி அலையறதுக்கு அதுவே போதும். பச்சைன்னாலும் ஒரு ரேஞ்ச்தான், அந்த ரேஞ்சோட இந்த ஓரத்துல இடது வீலும் அந்த ஓரத்துல வலது வீலும் இருந்தாக்கூட பச்சைதான் காட்டும், நம்பரை படிங்க.

பின் டோவையும் விட்டுடாதீங்க. பின் டோ லிங்க் (பின் சக்கரத்தோட டோவை பிடிச்சு வைக்கற கம்பி) புஷ் தேய்ஞ்சு ஒரு சக்கரம் வெளிய பாத்தா பின்பக்கம்தான் திருப்புது, ஆனா ஓட்டறவருக்கு முன்னாடி ஆடற மாதிரியே இருக்கும், ஏன்னா கையில இருக்கறது ஸ்டீயரிங்தானே. வண்டியை தூக்கி சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, தட்டுச்சுன்னா பேரிங், பால் ஜாயின்ட். பக்கவாட்டுல பிடிச்சு ஆட்டினா தட்டுச்சுன்னா முன்னாடி டை ராட், பின்னாடி டோ லிங்க். புஷ் மட்டும் கையால ஆட்டினா தெரியாது, நீளமான கம்பி வச்சு நெம்பி பாருங்க. டயர் மேல உள்ளங்கையை குறுக்க தடவுங்க, ஒரு பக்கம் வழவழன்னும் திரும்பி வரும்போது ரம்பம் மாதிரியும் இருந்தா டோ ரொம்ப நாளா தப்பா இருந்திருக்கு. டயர் பக்கவாட்டுல இருக்கற, அது தயாரான தேதியை சொல்ற நாலு இலக்க நம்பரையும் பாத்துடுங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். பழசாகி கெட்டியான டயரை வச்சுக்கிட்டு இந்த டெஸ்ட் எதுவும் பண்ணாதீங்க.

விங் ஆங்கிளை குறைச்சதும் முன்பக்கம் சரியாகி, ஆனா வேகமான வளைவுல பின்னாடி வழுக்க ஆரம்பிச்சா விங்கை பழைய இடத்துக்கே ஏத்திட்டு முன்னாடி ஸ்பிளிட்டர் (முன் பம்பருக்கு அடியில நீட்டிக்கிட்டு இருக்கற தட்டு) போடுங்க. அதை பம்பர்ல மட்டும் ஸ்க்ரூ போட்டு விடாதீங்க, பம்பர் வளையும், ஸ்பிளிட்டர் ஆடும், அதோட சேந்து டவுன்ஃபோர்ஸும் (காத்து வண்டியை கீழ அமுக்கற விசை) ஆடும், இருந்த பிரச்சினைக்கு மேல ஒண்ணு கூடும். சேஸிஸ்ல இருந்து பிராக்கெட்டும் ராடும் குடுத்து, ஒரு ஆள் மேல ஏறி நின்னாலும் அசையாத மாதிரி மாட்டுங்க.