ஆன்டிபயாடிக்: குதிகால் வலியிலிருந்து காது வரை

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃபிளாக்சசின் சாப்பிடுகிறார். நாலாம் நாளிலிருந்து குதிகாலுக்கு மேலே வலி. வீசிங்குக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் உண்டு. வயசுக் கோளாறா டாக்டர்?

பதில்: வயசு மேல் பழி போடாதீர்கள். மருந்து எழுதியவரிடம் இன்றே பேசுங்கள். அதுவரை அடுத்த வேளை மாத்திரையும் வேண்டாம், நடையும் வேண்டாம். சிப்ரோ, லீவோ, ஆஃப்லாக்சசின் எல்லாம் ஒரே குடும்பம். கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு கட்டியிருக்கும் தசைநாணை இவை நலிய வைக்கும். அரிதாக அறுந்தே போகும். 60 தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அப்பாவுக்கு இரண்டுமே பொருந்துகிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இலேயே இந்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடச் சொன்னது. சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு வேறு மருந்து இருந்தால் இதைத் தொட வேண்டாம் என்று 2016இல் இன்னும் கறாராகச் சொன்னது. மாத்திரையை நிறுத்தி சில மாதம் கழித்து அறுந்தவர்களும் உண்டு. அப்புறம், தைலம் போட்டு உருவிவிட யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: தம்பி சல்பா மாத்திரை (கோ-டிரைமாக்சசோல்) ஆரம்பித்துப் பத்து நாள். காய்ச்சல், கண் சிவப்பு, வாயெல்லாம் புண், உடம்பில் கொப்புளம். அம்மை என்று வேப்பிலை கட்டியிருக்கிறோம்.

பதில்: மாத்திரையை நிறுத்திவிட்டு இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயாக இருக்கலாம். முற்றினால் தீக்காயம் போலத் தோல் உரியும், கண் பார்வையும் போகலாம். பெரும்பாலும் மருந்து தொடங்கி ஒன்றிலிருந்து நாலு வாரத்துக்குள்தான் வரும். முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிடக் கூடாது. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: பென்சிலின் ஊசிக்கு டெஸ்ட் டோஸில் ஒன்றும் ஆகவில்லை. இனி பயமில்லைதானே?

பதில்: பயம் குறைவு, அவ்வளவுதான். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ஒவ்வாமையால் மூச்சு முட்டினால் உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி.

கேள்வி: டிபிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் போட்டு அம்மாவுக்குக் காது போனது. எனக்கும் ஆகுமா?

பதில்: ஆகலாம். சில குடும்பங்களில் தாய் வழியாக வரும் ஒரு மரபணு மாற்றம் உண்டு. அது இருந்தால் ஜென்டாமைசின், அமிகாசின் ஊசியும் காதைப் பறித்துவிடும், சில ஊசிகளிலேயே. ஊசி எழுதும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உங்கள் சித்தி (அம்மாவின் தங்கை) பிள்ளைகளும் சொல்ல வேண்டும். மாமா பிள்ளைகளுக்கு அவர் வழியாக இது வராது.