கிராமத்தில் சொந்த வீடு, திருப்பூரில் வாடகை வீடு: எந்த ஊரில் ஓட்டு?

திருப்பூர் வாசகி ஒருவரின் கேள்வி இது: “சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம் எங்கள் ஊர். அங்கே சொந்த வீடும் ஒரு ஏக்கர் புஞ்சையும் இருக்கின்றன. ஏழு வருடமாக நானும் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, லைன் வீட்டில் குடித்தனம். ஓட்டு மட்டும் ஊரில் இருக்கிறது. சரிபார்க்க வந்த அலுவலர், நாங்கள் அங்கே குடியில்லை என்று மாமியாரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். சொந்த வீடு இருக்கும்போது பெயரை நீக்கலாமா? இங்கே பதிவு செய்யலாம் என்றால் வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் தர மறுக்கிறார். கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகனுக்கு எந்த ஊரில் ஓட்டு?”

அம்மா, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் கணக்கில் நீங்களும் உங்கள் கணவரும் திருப்பூர்க்காரர்கள்.

‘எந்த ஊர்?’ என்று யாராவது கேட்டால் குலதெய்வம் இருக்கும் ஊரைச் சொல்வதுதான் நம் வழக்கம். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கேட்பது அதை அல்ல. பிரிவு 19இன்படி 18 வயது நிறைந்தவர், தாம் சாதாரணமாகக் குடியிருக்கும் தொகுதியில் பதிவு செய்துகொள்ளலாம். அடுத்த பிரிவு உங்கள் கேள்விக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது: ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருக்கிறது, அல்லது கைவசம் இருக்கிறது என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிடமாட்டார். இதை நான் ஏழைக்குச் சாதகமான சட்டமாகவே பார்க்கிறேன். பத்து வீடு வைத்திருப்பவருக்கும் ஓர் ஓட்டுதான். ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவருக்கும் அதே ஓட்டுதான்.

அதே பிரிவில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. தற்காலிகமாக வெளியூர் போவதால் மட்டும் குடியிருப்பு போய்விடாது. கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ சில மாதம் போய்விட்டு ஊர் திரும்புகிறவருக்கு ஊரிலேயே ஓட்டு உண்டு. நாளை உங்கள் மாமியார் கண் அறுவைச் சிகிச்சைக்காக உங்களிடம் வந்து இரண்டு மாதம் தங்கினாலும் அவர் பெயர் கிராமத்திலேயே இருக்கும். உங்கள் நிலை வேறு. ஏழு வருடமாக அடுப்பு எரிவது திருப்பூரில். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் ஊர்.

ஆறு மாதம் தங்கினால்தான் பதிவு செய்ய முடியும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிரிவு 20இல் அப்படி நாள் கணக்கு எதுவும் இல்லை. ஐயம் எழுந்தால் எல்லா விவரங்களையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றே அது சொல்கிறது. 1991இல் அசாமிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வான மன்மோகன் சிங் உண்மையில் அங்கே குடியிருப்பவர்தானா என்ற கேள்வி குவாஹாட்டி உயர் நீதிமன்றம் வரை போனது. குடியிருப்பு என்பது வந்துபோகும் தங்கலாக இல்லாமல் நிலைத்த தன்மை உடையதாக, நியாயமான மனிதர் எவரும் ஒப்புக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 1999இல் அந்த நீதிமன்றம் விளக்கியது.

தேர்தல் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் ஒரு லைன் வீட்டுக்கு விசாரணைக்குப் போயிருந்தேன். அங்கே குடியிருந்த பெண்ணிடம் காட்டுவதற்குக் காகிதம் ஒன்றுமில்லை. கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது; கதவுக்குப் பின்னால் ஆணியில் பால் கணக்கு அட்டை தொங்கியது, பதினான்கு மாதக் கணக்கு, நாள் தவறாமல். பக்கத்து வீட்டு அம்மா, “தண்ணீர் பிடிக்கத் தினமும் என்னோடு சண்டை போடுகிறவள் சார்” என்றார். அவர் அங்கேதான் குடியிருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. வீடற்று நடைபாதையில் உறங்குபவருக்குக்கூட முகவரிச் சான்று கேட்கக் கூடாது. அவர் அங்கேதான் உறங்குகிறாரா என்பதை வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒரு இரவுக்கு மேல் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை.

ஒப்பந்தத்துக்காக வீட்டுக்காரரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். வழக்கமான பதினொரு மாத ஒப்பந்தம் கிடைத்தாலும் அது பதிவு செய்யப்படாதது; தேர்தல் ஆணையத்தின் முகவரிச் சான்றுப் பட்டியல் கேட்பது பதிவு செய்த குத்தகைப் பத்திரத்தை. அதே பட்டியலில் ஆதார், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், எரிவாயு இணைப்பு ரசீது ஆகியவையும் இருக்கின்றன. இவற்றில் ஒன்றில் திருப்பூர் முகவரி இருந்தால் போதும். கணவரின் ஓட்டு முதலில் திருப்பூருக்கு மாறிவிட்டால், அதே முகவரிக்கு அவர் பெயரிலுள்ள சான்றை நீங்களும் காட்டலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் குடித்தனக்காரருக்கு வீட்டின்மேல் எந்த உரிமையும் வந்துவிடாது என்பதை வீட்டுக்காரருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

நிரப்ப வேண்டியது குடியிருப்பு மாற்றத்துக்கான படிவம் 8. பலரும் தவறுவது இங்கேதான்: ஊரில் பெயர் இருக்கும்போதே புதிய வாக்காளருக்கான படிவம் 6ஐக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் வேறெங்கும் பெயர் இல்லை என்று உறுதிமொழி இருக்கிறது. பொய் உறுதிமொழிக்குப் பிரிவு 31இன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருப்பதையும் பிரிவு 17 தடுக்கிறது. ஊரில் பெயரை ஏற்கெனவே நீக்கிவிட்டார்கள் என்றால் மட்டும் படிவம் 6. குடியில்லை என்று சொல்லிப் பெயரை நீக்குமுன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது பிரிவு 22.

இதில் ஓர் இழப்பு உண்டு. தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்றப் பட்டியலே அடிப்படை. எனவே ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு கைவிட்டுப் போகும். உங்கள் தெருக் குழாய்க்குப் பொறுப்பான மாநகராட்சி உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு வந்து சேரும். புஞ்சைக்கும் வீட்டுப் பட்டாவுக்கும் ஒன்றும் ஆகாது.

மகனுக்கு இரண்டு வழி. பெற்றோர் வீடு என்ற முறையில் திருப்பூரில் பதிவு செய்யலாம். படிப்பு அங்கீகாரம் பெற்றதாக, ஓராண்டுக்குக் குறையாததாக இருந்தால், கல்லூரி முதல்வரின் சான்றிதழோடு கோவை விடுதி முகவரியிலும் பதிவு செய்யலாம். பாட்டி வீட்டு முகவரி அவனுக்குப் பொருந்தாது.

தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கை வைக்க முடியாது. விண்ணப்பத்தை நிராகரித்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கேயும் இல்லை என்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலர் யார் என்று தெரியாவிட்டால் 1950 என்ற எண்ணில் கேளுங்கள். அவர் வரும் நாளில் ஷிப்டை மாற்றிக்கொண்டாவது வீட்டில் ஒருவர் இருங்கள்.