மடக்கு போன் வாங்கும் முன் கீலைப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் மடக்கு போன் பற்றியே. கேமரா எப்படி, பேட்டரி எப்படி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, எல்லோருடைய பயமும் நடுவில் போனை மடங்க வைக்கிற அந்தக் கீல் (ஹிஞ்ச்) மேல்தான். சரியான பயம்தான்.

கேள்வி: ஒரு மடக்கு போனைத் திறந்து பார்த்தேன். திரையின் நடுவில் ஒரு பள்ளம் கோடு மாதிரி தெரிகிறது, விரல் வைத்தால் தட்டுப்படுகிறது. இவ்வளவு விலையில் இது குறைபாடு இல்லையா?

குறைபாடு இல்லை. மடங்குகிற திரை எல்லாவற்றிலும் இது கூடக் குறைய இருக்கும். இருபது தாளை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்துப் பாருங்கள், ஓரங்கள் ஒன்றுக்கொன்று நழுவிப் படிக்கட்டு மாதிரி நிற்கும். மடங்கு திரையும் இப்படி ஒரு அடுக்குதான்: மேலே பிளாஸ்டிக் படலம், பல மாடல்களில் அதன் கீழே தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி (2020-இல் வந்த சாம்சங் கேலக்ஸி இசட் ஃபிளிப்பில் சுமார் 30 மைக்ரான், அதாவது 0.03 மி.மீ.), அப்புறம் படத்தைக் காட்டுகிற ஓஎல்இடி, அடியில் ஒரு தாங்கு தகடு, இவற்றுக்கு நடுவே மிருதுவான பசை. பசை கொஞ்சம் நழுவ இடம் கொடுப்பதால்தான் திரை உடையாமல் மடங்குகிறது. ஆனால் போன் மடிந்தே கிடக்கிற நேரம்தான் அதிகம், அந்த நேரமெல்லாம் பசையும் பிளாஸ்டிக்கும் வளைவுக்குப் பழகிப்போகின்றன. அதுதான் நீங்கள் பார்த்த பள்ளம்.

கீலின் வடிவம் விளையாடுவது இங்கேதான். கண்ணாடியின் தடிமனை வளைவின் விட்டத்தால் வகுத்தால் அதன் மேற்பரப்பு எவ்வளவு இழுபடுகிறது என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 30 மைக்ரான் கண்ணாடியை 1.5 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் ஒரு சதவீதம், 3 மி.மீ. ஆரத்தில் என்றால் பாதிதான். அப்படியானால் பெரிதாக வளைக்க வேண்டியதுதானே? வளைத்தால் மூடும்போது இரண்டு பாதியும் ஒட்டாது, ஆரம்பகால கேலக்ஸி ஃபோல்டு மாதிரி கீல் பக்கம் ஆப்பு வடிவில் இடைவெளி நிற்கும். இதற்குக் கண்டுபிடித்த வழிதான் நீர்த்துளி வடிவக் கீல். மூடும்போது தாங்கு தகடுகள் விலகி உள்ளே ஒரு குழி கிடைக்கிறது, திரை அதற்குள் துளி மாதிரி சுருண்டு உட்காருகிறது. வளைவும் பெரிது, போனும் ஒட்டி மூடும். மோட்டோரோலா 2019-லேயே அறிவித்த ரேஸர் இப்படித்தான் இருந்தது, ஓப்போ ஃபைண்ட் என் 2021-இல், சாம்சங் 2023-இல் ஃபோல்டு 5-உடன். இதிலும் கோடு உண்டு, ஆனால் ஒரே இடத்தில் ஆழமாக இல்லாமல் அகலமாகப் பரவி விழும். என்னைக் கேட்டால், நேராகப் பார்க்கும்போது கண்ணை உறுத்தாத கோடு பெரிய விஷயமே இல்லை, இரண்டாவது வாரம் மறந்துவிடுவீர்கள்.

கேள்வி: 2 லட்சம் முறை மடக்கலாம் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, நம்பலாமா?

கணக்கு சரிதான். ஒரு நாளைக்கு 100 தடவை திறந்து மூடினால் 2,000 நாள், ஐந்தரை வருஷம் வரும். ஆனால் சோதனை இயந்திரம் ஒரே வேகத்தில், இரண்டு பாதியையும் சமமாகப் பிடித்து மடக்கும், நாமோ ஒரு மூலையைக் கட்டைவிரலால் நெம்பித் திறக்கிறோம், சட்டைப்பையில் இருக்கிற தூசியோடு மூடுகிறோம். இயந்திரம் மாறினாலே முடிவு மாறும். 2020-இல் ஒரு தொழில்நுட்பத் தளம் ரேஸரை மடக்கு இயந்திரத்தில் மாட்டியபோது சுமார் 27,000 தடவையிலேயே கீல் மக்கர் செய்தது, உங்கள் இயந்திரம் எங்கள் போனுக்கு ஏற்றதில்லை என்றது நிறுவனம். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் அந்த எண்ணை விட்டுவிட்டு, கீலுக்கும் உள்திரைக்கும் வாரண்டி எத்தனை வருஷம், உள்திரை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள்.

கேள்வி: ஐபிஎக்ஸ்8 என்று போட்டிருக்கிறது. தண்ணீரே போகாது என்றால் தூசி எப்படிப் போகும்?

பலரும் ஏமாறுகிற இடம் இது. ஐபி என்பது தூசியையும் தண்ணீரையும் போன் எவ்வளவு தடுக்கும் என்று சொல்கிற தரக்குறியீடு. ஐபி-க்குப் பிறகு முதல் இடம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. எக்ஸ் என்றால் தூசிக்கு மதிப்பெண்ணே இல்லை என்று அர்த்தம். 2024-இல் ஃபோல்டு 6 ஐபி48 வாங்கியது, அந்த 4 கூட ஒரு மில்லிமீட்டரைவிடப் பெரிய துகளுக்குத்தான், மணலும் மாவுத்தூசியும் அதைவிடச் சிறியவை. தண்ணீரும் கீலுக்குள் போகத்தான் செய்யும், மின்பாகங்கள் இருக்கிற இரண்டு பாதியைத்தான் தனித்தனியாக அடைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் காய்ந்துவிடும், மணல்துகள் போகாது. திரைக்கு அடியில் போய் உட்கார்ந்து, மூடும்போதெல்லாம் கீழிருந்து குத்தும். 2019 ஏப்ரலில் முதல் ஃபோல்டின் வெளியீடே தள்ளிப்போனதற்கு இது ஒரு காரணம். செப்டம்பரில் திரும்ப வந்தபோது கீலின் இரு முனையிலும் மூடி வைத்திருந்தார்கள், அடுத்து வந்த ஃபிளிப்பில் கீலுக்குள் நைலான் இழைகளைத் துடைப்பம் மாதிரி வைத்தார்கள். ஐபி68 வரை முதலில் போன மடக்கு போன் என்றால் 2025-இல் வந்த கூகுளின் பிக்சல் 10 புரோ ஃபோல்டு. மணல், சிமெண்ட், மரத்தூள் இருக்கிற இடத்தில் வேலை பார்ப்பவர் என்றால் முதல் எண் 6 இல்லாததைத் தொடாதீர்கள்.

கேள்வி: சார், பழைய மடக்கு போன் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. கீல் நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பாதி திறந்து மேஜையில் வையுங்கள். நிறுத்திய கோணத்திலேயே நிற்க வேண்டும், மெதுவாகச் சாய்ந்தால் உள்ளே அழுத்தம் கொடுக்கிற ஸ்பிரிங்கும் அதன் பிடிமானமும் தேய்ந்துவிட்டன. அடுத்து முழுசாகத் திறந்து பக்கவாட்டிலிருந்து பாருங்கள், 180 பாகைக்கு வராமல் லேசாகக் கூன் போட்டு நிற்கிற போன்கள் நிறைய உண்டு. அப்புறம் சத்தம் இல்லாத இடத்தில் காதருகே வைத்து மெதுவாகத் திறந்து மூடுங்கள். நறநற என்றால் உள்ளே மணல், பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மடிப்புக் கோடு திரையின் ஓரத்தைத் தொடும் இரண்டு முனைகளையும் வெள்ளைப் பின்னணியில் பாருங்கள், கரும்புள்ளியோ மெல்லிய கீறலோ இருந்தால் அது வளரும், நிற்காது.

கேள்வி: மடிப்பு இடத்தில் மேல் படலம் குமிழி விட்டிருக்கிறது. உரித்துவிட்டு வேறு ஒட்டலாமா?

நீங்களே உரிக்காதீர்கள். சாதாரண போனில் ஒட்டுகிற ஸ்க்ரீன் கார்டு இல்லை இது, திரையின் பாகம். 2019-இல் மதிப்பாய்வுக்கு வாங்கிய சிலர் இதை உரித்துத்தான் திரையையே கெடுத்தார்கள். சர்வீஸ் சென்டரில் படலத்தை மட்டும் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். குமிழி பெரிதாகி நடுவில் தூக்க ஆரம்பித்தால், மாற்றும் வரை போனைத் திறந்தே வைத்திருங்கள்.