கொரோனாவுக்கு ரெண்டு ஊசியும் பூஸ்டரும் போட்டாச்சு, இனியும் கவனம் வேணுமோ?

கேள்வி இதுதான்: "கட்டுப்பாடெல்லாம் எடுத்தாச்சு, ஊசியும் போட்டாச்சு. இனியும் மாஸ்க், விலகியிருத்தல் எண்டு பயப்பட வேணுமோ? எங்கட வன்னிச் சனத்தில சிலர் தளர்வு வந்த அண்டைக்கே எல்லாத்தையும் விட்டிட்டினம். சிலர் மாதக்கணக்கா படலையே திறக்கேல்லை. ரெண்டில எது சரி?"

இரண்டு பகுதியும் பிழையான அளவுகோலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அரசாங்கம் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது நாட்டின் கணக்கைப் பார்த்து: ஆஸ்பத்திரிகளில் எத்தனை கட்டில் மிச்சம், எத்தனை பேருக்கு ஊசி ஏறியிருக்கு, முடக்கத்தைப் பொருளாதாரம் எவ்வளவு நாள் தாங்கும். உங்கள் வீட்டுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. வீட்டில் யார் இருக்கிறார்கள், ஒட்சிசன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் வைத்து அளக்க வேண்டும். வவுனியா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறவருக்கும் கொக்கிளாயில் இருக்கிறவருக்கும் ஒரே விடை சொல்ல முடியாது.

சனம் ஏன் இப்படி இரண்டாகப் பிரிந்தது என்பதை முதலில் பார்ப்போம். 2020 மார்ச் 20 மாலை இலங்கை முழுக்க ஊரடங்கு வந்தது. பிறகு டெல்டா அலையில் 2021 ஆகஸ்ட் 20 இரவு 10 மணி முதல் ஒக்ரோபர் 1 அதிகாலை 4 மணி வரை மறுபடியும் முடக்கம். வேறு ஊர்களில் ஊரடங்கு என்றால் கடை பூட்டு. வன்னியில் அந்தச் சொல்லுக்குள் போர்க்காலத்து ஓமந்தைச் சோதனைச்சாவடி, வெளியே போக எடுத்த பாஸ், இடம்பெயர்ந்தவர்களை அடைத்துவைத்த மெனிக் பாம் முகாமின் முள்ளுக்கம்பி எல்லாம் இருக்கிறது. தனிமைப்படுத்தல் நிலையங்களும் பம்பைமடு, கேப்பாப்புலவு என்று படையினரின் பொறுப்பில்தான் நடந்தன. அதனால் பலர் கட்டுப்பாட்டை ஒரு உத்தரவாகக் கேட்டு நடந்தார்களே தவிர, வைரஸ் எப்படிப் பரவுகிறது என்று விளங்கி நடக்கவில்லை. உத்தரவு எடுபட்ட அன்றே கவனமும் எடுபட்டது. சுகாதாரத் தரப்பு "செய், செய்யாதே" என்று சொன்ன அளவுக்கு "ஏன்" என்று சொல்லவில்லை. பிழையில் பெரிய பங்கு அங்கேதான்.

வயிற்றுப்பாடும் உண்டு. முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கிறவர், அறுவடைக்குக் கூலிக்குப் போகிறவர், மேசன் வேலை செய்கிறவர் எல்லோருக்கும் பூட்டிய நாள் ஒவ்வொன்றும் வருமானம் இல்லாத நாள். 2020 இல் அரசாங்கம் கொடுத்த 5000 ரூபா எத்தனை நாளுக்குக் காணும்? மாதச் சம்பளக்காரர் முடக்கத்தை நீட்டச் சொன்னதும் நாட்கூலிக்காரர் திறக்கச் சொன்னதும் இதனால்தான். படிப்பறிவை வைத்து இதை அளக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

படலையைப் பூட்டியிருந்தவர்களின் பயம் பெரும்பாலும் தொலைபேசி வழியாக வந்தது. 2020 இல் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சொந்தம் செத்ததை போனில் பார்த்த வீடுகள் அவை. அங்கேயிருந்து வந்த இன்னொன்று "பைசர் எண்டால்தான் போடு, வெளிநாட்டுக்கு அதைத்தான் ஏற்பினம்" என்ற கதை. நாட்டில் பெரும்பாலானோருக்கு முதல் இரண்டும் சீனாவின் சினோபார்ம், மூன்றாவது பைசர். இரண்டாம் ஊசிக்கு வந்தவர்களில் கணிசமான பங்கு மூன்றாவதுக்கு வரவில்லை. இளம் ஆக்களிடம் "பிள்ளை பிறக்காது" என்ற வதந்தி வேலை செய்தது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. கர்ப்பிணிகளுக்கே இந்த ஊசிகள் போடப்பட்டன, ஏனென்றால் கர்ப்ப காலத்தில் கொரோனா வந்தால்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து அதிகம்.

ஊசி என்ன செய்யும், என்ன செய்யாது? தொற்றைத் தடுக்கிற சக்தி சில மாதங்களில் தேய்ந்துபோகும். 2022 தொடக்கத்தில் ஒமிக்ரோன் வந்தபோது மூன்று ஊசி போட்டவர்களுக்கும் காய்ச்சல் வந்தது அதனால்தான். வருத்தம் கடுமையாகாமல் காக்கிற சக்தி அதைவிட நீண்ட காலம் நிற்கும். ஆக, ஊசி போட்ட 30 வயதுக்காரருக்குக் கொரோனா பெரும்பாலும் மூன்று நாள் தடிமன். ஆனால் அந்தத் தடிமனோடு அவர் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து சோறு சாப்பிட்டால் அப்பாவுக்குத் தொற்றலாம். "நான் போட்டிட்டன்" என்பது உங்களைப் பற்றிய செய்தி. வீட்டிலுள்ள மற்றவரின் உடம்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அந்த மற்றவர் யார் என்று வன்னியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலாவது சிறுநீரக நோயாளிகள். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் அனுராதபுரத்தோடு நிற்காமல் வவுனியாப் பக்கமும் இருக்கிறது. இவர்களின் உடம்பு ஊசிக்கு எதிர்ப்புச்சக்தியைக் குறைவாகவே உண்டாக்கும். டயாலிசிஸ் செய்கிறவர் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் மற்ற நோயாளிகளோடு ஒரே அறையில் மணிக்கணக்காக இருக்க வேண்டும்; வீட்டில் ஒதுங்கியிருப்பது அவருக்கு இயலாத காரியம். அடுத்தது, போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள். காயம் கழுத்திலோ மேல் முதுகிலோ என்றால் இருமுகிற தசைக்கே பலம் இல்லை, சளி வெளியே வராது. மற்றவருக்குச் சாதாரண தடிமனாகப் போவது இவர்களுக்கு நியூமோனியாவாகும். பிறகு எதிர்ப்புச்சக்தியைக் குறைக்கிற பிரெட்னிசலோன் குளிசையை நீண்ட காலம் எடுக்கிறவர்கள், தெல்லிப்பழைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போய்வருகிறவர்கள். கடைசியாக, சினோபார்ம் இரண்டோடு நின்றுவிட்ட 60 தாண்டியவர்கள்: இந்த வயதினருக்கு மூன்றாவது ஊசி தேவை என்று 2021 ஒக்ரோபரிலேயே உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு சொல்லிவிட்டது. இப்படி ஒருவரும் இல்லாத வீடு தளர்வாக இருக்கலாம். ஒருவர் இருந்தால் அந்த வீட்டின் அளவு அவர்தான்.

எங்கே கவனம், எங்கே தேவையில்லை? வைரஸ் பூட்டிய காற்றில்தான் நிற்கும். வயல், கடற்கரை, முற்றம், சந்தையின் திறந்த பகுதி ஆகியவற்றில் மாஸ்க் தேவையில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால் கோயில் வெளி பிரச்சினையில்லை. 15 பேர் ஏறி ஒன்றரை மணித்தியாலம் கண்ணாடி பூட்டிப் போகிற வான்தான் பிரச்சினை. ஏ9 வீதியில் ஓடுகிற பஸ்ஸில் யன்னல் திறந்திருந்தால் ஓடும்போது காற்று மாறிக்கொண்டேயிருக்கும். ஏசி பஸ்ஸிலும் மழைக்கு யன்னல் பூட்டின பஸ்ஸிலும் மாறாது. கிளினிக் வரிசையில் காய்ச்சல்காரரும் நீரிழிவுக்காரரும் ஒரே வாங்கில் இருப்பார்கள், அங்கே மாஸ்க் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செத்தவீட்டில் பந்தலுக்குக் கீழே இருப்பது பெரிதில்லை. பிரேதம் வைத்த அறைக்குள் யன்னல் பூட்டி, சாம்பிராணிப் புகைக்குள் சுற்றியிருந்து மணிக்கணக்காக அழுவதும் அந்தியேட்டிப் பந்தியில் தோளோடு தோள் இருந்து சாப்பிடுவதும்தான் தொற்றுகிற இடம். பந்தியை மண்டபத்துக்குள் வைக்காமல் முற்றத்தில் வையுங்கள், பாதிப் பிரச்சினை அதோடு போய்விடும்.

மாஸ்க்கைப் பற்றிச் சுருக்கமாக. நீல நிறச் சத்திரசிகிச்சை மாஸ்க்கில் ஓட்டை துணியில் இல்லை, கன்னத்துப் பக்கத்தில். காதுப்பட்டியை மாஸ்க்கின் ஓரத்தோடு ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு, பிதுங்கிற பக்கத்தை உள்ளே மடித்தால் இடைவெளி நன்றாகக் குறையும். கேஎன்95 ஐக் கழுவக் கூடாது: அதன் நாரில் இருக்கிற மின்னேற்றம்தான் துணிக்கையைப் பிடிக்கிறது, தண்ணியும் சவர்க்காரமும் அதை அழித்துவிடும். நாலைந்தை வாங்கி, நாளுக்கு ஒன்றாகக் கடதாசிப் பையில் காயவிட்டு மாற்றிப் போடலாம். பட்டி இளகினால் எறிந்துவிடுங்கள். வியர்வையில் நனைந்தால் எந்த மாஸ்க்கும் உதவாது. சித்திரை வெயிலில் நாள் முழுக்கப் போடப் பார்த்து, பதினொரு மணிக்கு நாடிக்கு இறக்கிவிடுவதைவிட, பஸ்ஸிலும் கிளினிக்கிலும் மட்டும் ஒழுங்காகப் போடுவது மேல்.

வீதிக்குக் குளோரின் அடித்தது, கடை வாசலில் நெற்றிக்குத் துவக்குப் போலப் பிடித்த வெப்பமானி, 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கு மருந்தென்று கொடுத்த பாணிக்கு நின்ற கூட்டம்: இவற்றை மறந்துவிடலாம். கொத்தமல்லித் தண்ணி குடியுங்கள், தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். ஆவி பிடிக்கிறதென்று கொதிதண்ணியைப் பிள்ளைகளின் மடியில் கொட்டிவிடாதீர்கள்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் வன்னிக்கு ஒரு வசதி இருக்கிறது: வளவு பெரிது. வீட்டுத்திட்ட வீட்டின் சின்ன அறைக்குள் பூட்டிவைப்பதைவிட விறாந்தையிலோ வெளிக் கொட்டிலிலோ கட்டில் போடுங்கள். நுளம்பு வலை கட்டாயம், ஏனென்றால் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். உள்ளேதான் இடம் என்றால் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து, நிற்கிற மின்விசிறியை யன்னலுக்கு வெளியே காற்றுத் தள்ளும்படி திருப்பி வையுங்கள். யன்னலைப் பூட்டிக்கொண்டு சீலிங் ஃபான் போட்டால் அதே காற்றுத்தான் சுற்றும். குறைந்தது 5 நாள், அதோடு காய்ச்சல் முழுதாக விட்டு ஒரு நாள். பிறகு பத்தாம் நாள் வரை மற்றவரோடு இருக்கும்போது மாஸ்க். மேலே சொன்ன பலவீனமானவர் வீட்டில் இருந்தால் பத்து நாளும் விலகியே இருக்கட்டும். அம்மாள் வருத்தம் வந்த வீட்டுப் படலையில் வேப்பிலை கட்டி, ஆளைத் தனியே கிடத்துகிற பழக்கம் எங்களுக்குப் புதிதில்லையே.

அன்டிஜன் சோதனை முதல் நாளில் "இல்லை" என்று காட்டினால் நம்பாதீர்கள். 48 மணித்தியாலம் விட்டு மறுபடி செய்யுங்கள். இரண்டும் இல்லை என்றாலும் காய்ச்சல் நிற்காவிட்டால் மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனை அவசியம்: ஐப்பசியிலிருந்து தை வரை டெங்கு, வயலில் இறங்கினவருக்கு எலிக்காய்ச்சல். கொரோனா என்று முடிவுகட்டி வீட்டில் படுத்திருந்து டெங்குவை விடுவதுதான் நடக்கிற பெரிய பிழை. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்துத் தொடங்குகிற நேரம். காய்ச்சலுக்குப் பனடோல் (பரசிற்றமோல்) மட்டும்: 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தரம், 24 மணித்தியாலத்துக்கு எட்டைத் தாண்டக் கூடாது. புரூபன், டைக்குளோபினாக் போன்ற வலிக் குளிசைகள் வேண்டாம். டெங்குவென்றால் இரத்தக்கசிவைக் கூட்டும், சிறுநீரக நோயாளிக்கு மிச்சமிருக்கிற சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இனித் தூரம். கொரோனாவில் மூச்சு கெடுவது பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில். அந்த நாட்களில் இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று காட்டுகிற, விரலில் மாட்டுகிற ஒக்சிமீற்றர் ஒன்று வேண்டும். ஒழுங்கைக்கு ஒன்று இரவல் வாங்கினாலும் போதும். 5 நிமிடம் அமர்ந்திருந்து, விரலைச் சூடாக்கி, மருதாணியும் நகப்பூச்சும் இல்லாத விரலில் மாட்டி, எண் ஒரு நிமிடம் நிலைத்த பிறகு எழுதுங்கள். மாட்டின உடனே வருகிற எண்ணைப் பார்த்துப் பதறுவதும் நிம்மதியடைவதும் பிழை. கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிட இரண்டு மூன்று கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் மனதில் வைத்திருங்கள். பிறகு முற்றத்தில் 6 நிமிடம் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள்; இருந்ததைவிட 3 குறைந்தால், ஆள் நன்றாகக் கதைத்தாலும் நுரையீரல் களைத்துவிட்டது. இருக்கும்போதே மூச்சு வாங்குகிறவரை நடக்கவிட வேண்டாம்.

பொதுவான அறிவுரை 94 க்குக் கீழே வைத்தியரிடம் போ, 90 க்குக் கீழே அவசரம் என்பது. அது பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்கு. முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்கே பரந்தன் வழியாக 50 கிலோமீற்றருக்கு மேல். துணுக்காய், நெடுங்கேணிப் பக்கத்து உள்வீதிகளில் இரவில் யானை நின்றால் ஓட்டோக்காரர் வரமாட்டார். ஆகவே உள் கிராமத்தில் பின்னேரம் 4 மணிக்கு 94 காட்டினால் அப்போதே புறப்படுங்கள், விடியும்வரை பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். 1990 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம். வழி சொல்ல ஒருவர் பிரதான வீதியில் ரோச்சோடு நிற்க வேண்டும். கூடப் போகிறவர் கையில் கிளினிக் கொப்பி, தடுப்பூசி அட்டை, எடுக்கிற குளிசைகளின் வெற்றுப் பட்டைகள், எந்த நாளில் காய்ச்சல் தொடங்கியது என்றும் ஒவ்வொரு நேரமும் எண் எவ்வளவு காட்டியது என்றும் எழுதின துண்டு இருக்கட்டும். வாசலில் முதலில் கேட்பது அதைத்தான்.